அளவுக்கு மேல் நிரப்பிய பிளொப்பிகள்: எவ்வளவு நம்பலாம்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், சங்கத்தின் ஆவணக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மேடையில் பிளொப்பியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் யோசிக்கக்கூடும். மலருக்காகப் பழைய படங்களையும் பதிவுகளையும் அனுப்புமாறு கேட்டிருந்தோம். கடிதங்கள் வந்தன, அல்பங்கள் வந்தன, பரிசளிப்பு விழா அழைப்பிதழ்கள் வந்தன. அவற்றோடு ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய 3.5 அங்குலப் பிளொப்பிகளும் வந்து சேர்ந்தன. அவற்றுள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கும் வேலையில் நாங்கள் அறிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்வதே இந்த உரையின் நோக்கம். உங்கள் வீட்டு அலுமாரிகளிலும் இப்படிப்பட்ட பிளொப்பிகள் இருக்கலாம். அவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்பதைத் தெரியாமல் ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், உள்ளே இருப்பது போய்விடும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது எங்கள் கல்லூரியின் அலுவலகத்தில் சேர்விடாப்புகள் இல்லை. எந்த ஆண்டில் யார் சேர்ந்தார்கள், எந்த வகுப்பில் படித்தார்கள், யார் படிப்பித்தார்கள் என்று சொல்ல எழுத்தில் எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வெளிநாட்டுக் கிளைச் சங்கங்களின் அக்காமார் தங்கள் நினைவில் இருந்தும், கைவசம் இருந்த வகுப்புப் படங்களில் இருந்தும் பெயர்ப் பட்டியல்களைத் தொகுத்தார்கள். அவற்றைக் கணினியில் தட்டச்சுச் செய்து, படங்களை ஸ்கான் செய்து, பிளொப்பிகளில் பதிந்து, ஊருக்கு வருபவர்களின் கையில் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பட்டியல்களைத் தந்த பலர் இன்று நம்மிடையே இல்லை. ஆகவே இவை வெறும் பழைய பொருட்கள் அல்ல. சில பெயர்களுக்கு இவை மட்டுமே சாட்சி.

இந்தப் பிளொப்பிகளில் ஒரு பகுதி, தயாரித்தவர் குறித்த அளவுக்கு மேல் நிரப்பப்பட்டவை. ஒரு பிளொப்பியில் கொள்ள வேண்டியது 1.44 மெகாபைற். இவற்றில் சிலவற்றின் லேபலில் 1.68 என்றும் 1.72 என்றும் கையால் எழுதியிருக்கிறது. வேறு சிலவற்றின் மூலையில் சூடான கம்பியாலோ துளைக்கருவியாலோ ஓட்டை போடப்பட்டிருக்கிறது. ஊருக்கு வருபவரிடம் பத்து வட்டுகளைக் கொடுப்பதிலும் எட்டைக் கொடுப்பது எளிது. ஒரு வகுப்புப் படம் 1.44 ஐச் சற்றே தாண்டிவிட்டால் அதற்காக இரண்டாவது வட்டைத் தேட வேண்டும். அந்தச் சூழலில் அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான காரியம். இன்று நம் முன்னால் உள்ள கேள்வி வேறு. அப்படி நிரப்பியதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு எவ்வளவு நம்பலாம்?

இதற்கு விடை காண, குறித்த அளவு என்பது எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். பிளொப்பியின் உள்ளே இருப்பது காந்தப் பூச்சுப் பூசிய மெல்லிய வட்டத் தகடு. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றினுள் ஒன்றாக 80 வட்டத் தடங்கள். ஒவ்வொரு தடமும் 18 கூறுகளாகப் பிரிக்கப்படும். இவற்றைத்தான் செக்ரர் என்பார்கள். ஒரு கூறில் 512 பைற். 80 தடம், 2 பக்கம், 18 கூறு, 512 பைற் எல்லாவற்றையும் பெருக்கினால் 14,74,560 பைற் வரும். அதுதான் 1.44.

ஆனால் வட்டு வந்த பெட்டிகளில், போமற் செய்யாத நிலையில் 2 மெகாபைற் என்றும் அச்சிட்டிருப்பார்கள். அதுவும் பொய் அல்ல. தகடு நிமிடத்துக்கு 300 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை சுற்றுகிறது. விநாடிக்கு 5,00,000 பிற் எழுதப்படுகிறது. ஆகவே ஒரு சுற்றில், அதாவது ஒரு தடத்தில், 1,00,000 பிற். பைற்றில் சொன்னால் 12,500. 160 தடங்களுக்கும் சேர்த்தால் 20 இலட்சம். இரண்டுக்கும் 1.44 க்கும் இடையில் உள்ளது எங்கே போயிற்று, அதை எடுத்துப் பயன்படுத்த முடியாதா என்று அந்த நாளில் பலர் கேட்டார்கள்.

தையல் வகுப்பில் நாம் படித்ததை நினைத்துப் பாருங்கள். துணி வெட்டும்போது அளவுக் கோட்டின் மேலேயே வெட்டமாட்டோம். தையலுக்கென்று விளிம்பில் துணி விடுவோம். ஆள் பருத்தால் பிரித்துத் தைக்க உள்ளேயும் கொஞ்சம் விடுவோம். அந்தத் துணியை விடாமல் வெட்டினால் அதே துணியில் இன்னொரு சட்டைக்குக் கைகூட எடுத்துவிடலாம். தைத்துக் கொக்கியில் மாட்டி வைக்கும்வரை இரண்டு சட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. பிளொப்பியின் காணாமற்போன இடமும் இப்படி விடப்பட்ட துணிதான்.

கணக்கையும் பாருங்கள். ஒவ்வொரு 512 பைற் கூறுக்கும் அதன் முகவரி, தொடக்கக் குறி, பிழை காட்டும் எண் என்று ஏறக்குறைய 62 பைற் துணைக்குத் தேவை. ஆக ஒரு கூறு 574 பைற். 18 கூறுகள் 10,332 பைற் எடுக்கும். 12,500 இல் மிச்சம் 2,168. ஒவ்வொரு கூறுக்கும் பின்னால் நூறு பைற்றுக்கு மேல் வெற்றிடம் விட முடிகிறது. அதே தடத்தில் 21 கூறுகளை வைத்தால் 12,054 பைற் போய்விடும். மிச்சம் 446. ஒரு கூறுக்குப் பின்னால் 21 பைற்றுக்கு மேல் விட முடியாது. தடத்தின் தொடக்கத்துக்குத் தேவையான இடத்தையும் அதற்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி 21 கூறு வைத்தால் வட்டின் கொள்ளளவு 17,20,320 பைற் ஆகிறது. ஆறில் ஒரு பங்கு கூடுதல்.

இந்த இடைவெளி எதற்கு? எல்லா ட்ரைவ்களும் சரியாக 300 முறை சுற்றுவதில்லை. ஒன்று சற்று வேகமாகவும் மற்றது சற்று மெதுவாகவும் சுற்றும். 1.5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று வைத்துத்தான் இவை வடிவமைக்கப்பட்டன. மெதுவாகச் சுற்றும் ட்ரைவில் போமற் செய்த வட்டை எடுத்து, வேகமாகச் சுற்றும் ட்ரைவில் ஒரு கூறை மட்டும் திருத்தி எழுதுகிறோம் என்று வைப்போம். புதிதாக எழுதியது பழைய இடத்தைவிடச் சற்று நீளமாக விழும். இரண்டுக்கும் இடையில் 3 சதவீத வித்தியாசம் என்றால், 530 பைற் அளவான ஒரு பகுதி 16 பைற் நீண்டுவிடும். நூறு பைற் இடைவெளி உள்ள வட்டில் அது ஒரு பொருட்டே அல்ல. 20 பைற் இடைவெளி உள்ள வட்டில் அடுத்த கூறின் வாசற்படிவரை வந்துவிட்டது. இன்னும் சற்றுத் தாண்டினால் அடுத்த கூறின் தொடக்கக் குறி அழியும். அதன்பின் அந்தக் கூறு எங்கே இருக்கிறது என்று ட்ரைவுக்குத் தெரியாது. நாம் திருத்தியது ஒரு கோப்பை. கெட்டுப்போனது பக்கத்தில் இருந்த வேறொரு கோப்பு.

இதில் இருந்து ஒன்று தெளிவாகிறது. அளவுக்கு மேல் நிரப்பிய வட்டை வாசிப்பது வேறு, அதில் மீண்டும் எழுதுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பெரிய நிறுவனங்கள் நன்றாக அறிந்திருந்தன. 1995 இல் வெளிவந்த விண்டோஸ் 95 ஐ மைக்ரோசொப்ற் நிறுவனம் பிளொப்பிகளிலும் விற்றது. மொத்தம் 13 வட்டுகள். முதலாவது வழக்கமான வட்டு. மற்றவை டி.எம்.எவ். எனப்படும் 21 கூறு முறையில் எழுதப்பட்டவை. ஐ.பி.எம். நிறுவனம் தன் ஓ.எஸ்.2 வார்ப் தொகுப்புக்கு எக்ஸ்.டி.எவ். என்ற முறையில் ஒரு வட்டில் 1.84 மெகாபைற்வரை வைத்தது. உலகம் முழுவதும் மக்கள் அவற்றைப் போட்டுக் கணினியில் பதிந்துகொண்டார்கள். ஆனால் அந்த வட்டுகள் தொழிற்சாலையில் ஒரே தடவையில் எழுதப்பட்டவை. வாங்கியவர் செய்ய வேண்டியது வாசிப்பது மட்டும். கணினியில் பதிந்தபின் வட்டு பெட்டிக்குள் போய்விடும். அந்தப் பயன்பாட்டுக்கு அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு மாதமும் கணக்கும் கூட்டக் குறிப்பும் சேர்த்து எழுதி, மூன்று வீட்டுக் கணினிகளுக்கிடையே சுற்றிவரும் வட்டுக்கு அது போதாது.

அளவைக் கூட்டுவதற்கு வேறு வழிகளும் இருந்தன. 80 தடங்களுக்கு அப்பால் 81 ஆவது, 82 ஆவது தடத்திலும் எழுதுவது ஒன்று. 82 தடமும் 21 கூறும் சேர்ந்தால்தான் 1.72 என்று எழுதிய வட்டு கிடைக்கும். ஒரே பிளொப்பியில் அடங்கும் லினக்ஸ் தொகுப்புகள்கூட இந்த அளவில் வெளிவந்தன. பல ட்ரைவ்களின் தலை அந்தத் தடங்கள்வரை போகும். ஆனால் போக வேண்டும் என்ற கட்டாயம் எந்த ட்ரைவுக்கும் இல்லை. உள்ளே போகப் போக வட்டம் சிறியதாகிறது, எழுத்துகள் நெருங்குகின்றன. எழுதிய ட்ரைவில் வாசிக்க முடிவது மற்ற ட்ரைவில் முடியாமற்போவது இந்த வகையில் அதிகம்.

ஓட்டை போடுவது இன்னொன்று. இதைத்தான் நாங்கள் மிகக் குறைவாக நம்புகிறோம். 3.5 அங்குல வட்டில் 720 கிலோபைற் வகை ஒன்று இருந்தது. 1.44 வகைக்கு மூலையில் கூடுதலாக ஒரு துளை இருக்கும். ட்ரைவ் அந்தத் துளையைப் பார்த்துத்தான் இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளும். விலை குறைந்த வட்டில் துளை போட்டால் ட்ரைவ் அதை 1.44 என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடும். ஆனால் துளை போட்டதால் பூச்சு மாறுவதில்லை. பழைய 5.25 அங்குல வட்டுகளில் இரண்டு வகைப் பூச்சுகளின் காந்தத் தாங்குதிறன் ஒன்றுக்கொன்று இரட்டிப்பு, ஏறக்குறைய 300 உம் 600 உம். அதனால் அங்கே தவறு உடனே தெரிந்துவிடும். 3.5 அங்குலத்தில் இரண்டும் நெருக்கமானவை. அதனால் எழுதிய அன்று எல்லாம் சரியாகவே தெரியும். அந்தச் சரி சில காலத்துக்குத்தான். இங்கே இடைவெளி குறைந்ததல்ல சிக்கல். எழுத்தே மங்கலாக விழுந்திருக்கிறது.

கோப்பைச் சுருக்குவது மற்றொரு வழி. இது வட்டின் உடலைத் தொடுவதில்லை. அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் சுருக்கிய கோப்பில் ஒரு கூறு கெட்டால், அதற்குப் பின்னால் உள்ளதும் விரிக்க முடியாமற் போகலாம். ஒரு பெரிய கோப்பை ஐந்து வட்டுகளில் பிரித்து எழுதியிருந்தால், ஐந்தும் வாசித்தால்தான் முழுமை. மூன்றாவது வட்டு கெட்டால் நான்காவதும் ஐந்தாவதும் இருந்து பயன் குறைவு. எந்த வட்டிலும் கூறு கெட்டிருப்பதை ட்ரைவ் கண்டுபிடிக்கும். ஆனால் திருத்தித் தராது. பிளொப்பியில் உள்ள பிழை காட்டும் எண் காட்டுவதோடு நின்றுவிடும்.

ஆகவே எங்கள் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நல்ல 1.44 வட்டில், நல்ல ட்ரைவில், ஒரே தடவையில் 21 கூறு முறையில் எழுதி, பிறகு தொடாமல் வைத்த வட்டை ஓரளவு நம்பலாம். பெட்டியில் வந்த அப்படிப்பட்ட வட்டுகள் சிலவற்றில் இருந்து பெயர்ப் பட்டியல்கள் முழுமையாகக் கிடைத்துள்ளன. பல கணினிகளில் திருத்தி எழுதிய வட்டில் பாதியை எதிர்பார்க்கலாம். கூடுதல் தடத்தில் எழுதியதை, எழுதிய ட்ரைவே கிடைத்தால் நல்லது. ஓட்டை போட்ட வட்டை வாசிக்க ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. குறித்த அளவு என்பது எந்த ட்ரைவிலும், எந்த நாளிலும் வாசிக்க முடியும் என்பதற்குத் தயாரித்தவர் தந்த உறுதி. அதைத் தாண்டும்போது வட்டு உடனே பழுதாவதில்லை. அந்த உறுதி மட்டும்தான் போகிறது. அது போனது பல ஆண்டுகள் கழித்து, வேறொரு ட்ரைவில் போடும்போதுதான் தெரியவரும்.

நாம் இப்போது நிற்பது அந்த இடத்தில்தான். சொனி நிறுவனம் 2011 இல் பிளொப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இன்று கடையில் கிடைப்பது யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் சிறு ட்ரைவ். அவற்றில் பெரும்பாலானவை 720 கிலோபைற், 1.44 மெகாபைற் ஆகிய வழக்கமான முறைகளை மட்டுமே அறியும். 21 கூறு வட்டை அதில் போட்டால், இந்த வட்டு போமற் செய்யப்படவில்லை, இப்போது செய்யவா என்று விண்டோஸ் கேட்கும். நல்ல வட்டைப் பார்த்தும் அது இப்படிக் கேட்கும். அக்காமாரே, தங்கைமாரே, இந்த உரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு ஆம் என்று ஒருபோதும் அழுத்த வேண்டாம். வட்டை வெளியே எடுத்து வையுங்கள்.

அடுத்துச் செய்ய வேண்டியவை இவை. முதலில் வட்டின் மூலையில் உள்ள சிறு தள்ளு கதவைத் துளை திறந்திருக்கும் பக்கம் தள்ளிவிடுங்கள். அப்படியானால் எந்த ட்ரைவும் அதில் எழுத முடியாது. மறு மூலையில் உள்ள துளையைத் தொட வேண்டாம். கையால் போட்ட ஓட்டை என்றாலும் அதை ஒட்டி மூட வேண்டாம். வட்டை எழுதியபோது அது எப்படி இருந்ததோ அப்படி இருந்தால்தான் வாசிக்க முடியும். உலோக மூடியை நகர்த்தித் தகட்டைப் பாருங்கள். வெள்ளையாகவோ புள்ளியாகவோ பூஞ்சணம் தெரிந்தால் ட்ரைவில் போட வேண்டாம். அது தகட்டையும் கீறும், ட்ரைவின் தலையையும் கெடுத்து அடுத்த வட்டையும் பழுதாக்கும். லேபலில் எழுதியிருப்பதை அழிக்காமல், அது யாருடையது, எந்தக் கணினியில் எழுதியது என்று தெரிந்தால் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

நிரப்பிய வட்டுகளை வாசிக்க, உள்ளே கேபிளால் இணைத்த ட்ரைவ் உள்ள பழைய மேசைக் கணினியும் லினக்ஸும் உதவுகின்றன. அதற்கும் இணங்காதவற்றுக்குக் கிரையோபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் உள்ளன. அவை கூறுகளைத் தேடாமல், தகட்டில் உள்ள காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்ளும். பொருளைப் பிறகு கணினியில் ஆறுதலாகப் பிரித்தெடுக்கலாம். ஒரே தடத்தைப் பல முறை வாசித்து ஒப்பிடவும் முடியும். பலவீனமான வட்டை அடிக்கடி சுழற்றிப் பார்ப்பதைவிட ஒரு முறை இப்படிப் பதிந்து வைப்பது மேல்.

வட்டைத் திறந்தபின்னும் ஒரு தடை உண்டு. அந்தக் காலத்தில் நம்மில் அனேகர் தட்டச்சுச் செய்தது பாமினி எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்ப் பெயர்கள் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். யூனிகோடுக்கு மாற்றினால் பெயர்கள் திரும்பி வரும். மாற்றிய பிரதியோடு மூலக் கோப்பையும் வைத்திருக்கிறோம்.

ஒரே பிரதியை ஒரே இடத்தில் வைப்பதன் விலை நம் மண்ணுக்குத் தெரியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகள் உதிர்ந்து போகும் நிலையைக் கண்டு அவற்றை அச்சில் ஏற்றினார். அவர் பதிப்பித்த கலித்தொகை 1887 இல் வெளிவந்தது. ஏடு உதிர்வதைக் கண்ணால் காணலாம். பிளொப்பி உதிர்வது வெளியே தெரிவதில்லை. அதனால்தான் கூடுதல் அவசரம்.

கிடைத்த கோப்புகளை மூன்று இடங்களில் வைக்க உள்ளோம். ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று சங்கத்திடம், ஒன்று நாட்டுக்கு வெளியே ஒரு கிளைச் சங்கத்திடம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்துக்கும் பொதுவில் வைக்கத்தக்கவற்றை வழங்குவது பற்றிச் செயற்குழுவில் பேசவுள்ளோம். தனிப்பட்ட முகவரிகளும் குடும்ப விபரங்களும் அதில் சேரா.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். வீடு திரும்பியதும் அலுமாரியின் மேல்தட்டையும் பழைய கணினி மேசை லாச்சியையும் ஒரு முறை பாருங்கள். பிளொப்பி இருந்தால் அதைத் திறந்து பார்க்க முயலாமல், தபாலில் இடாமல், நம்பிக்கையான ஒருவர் கையில் உங்கள் கிளைச் சங்கச் செயலாளரிடம் சேருங்கள். 1.68, 1.72 என்று எழுதியவையும் ஓட்டை போட்டவையும் முதலில் வரட்டும். உங்கள் வகுப்பில் உங்கள் பக்கத்தில் இருந்தவளின் பெயர் அதில் ஒன்றில் மட்டும் இருக்கக்கூடும்.